பதினோரு தகடுகள்

சிவப்பு மட்டும் பொய் சொல்லவில்லை. சென்னியப்பன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மாதிரிக்கு நிறமடித்து வைத்த எட்டாம் நம்பர் தகட்டைப் பார்த்தார், செங்கல் சிவப்பு. கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், அதே செங்கல் சிவப்பு, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மற்ற பத்துத் தகடுகளும் ஆளுக்கு இரண்டு முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றன. முதல் தகடு வலது கண்ணுக்கு நேற்று வெள்ளையடித்த சுவர், இடது கண்ணுக்கு ஒரு வருஷம் உழைத்த இட்லித் துணி. ஐந்தாவது வலதில் வெளிர் நீலம், காலை ஏழு மணி வானத்தில் ஒரு சொட்டுப் பச்சையைக் கலக்கியது போல. இடதில் அந்த நீலம் இருந்த இடமே தெரியவில்லை, வெந்நீரில் போட்ட வேப்பிலை மாதிரி சோர்ந்த ஒரு பச்சை. ஆறு வாரத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரையை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தார்கள். இடது கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை. இந்த இடைப்பட்ட நாட்களில் அவருக்கு எல்லாமே இரண்டு, பால் இரண்டு, வானம் இரண்டு, பெண்டாட்டி கலாமணியின் முகம்கூட வலது பக்கம் ஒன்று இடது பக்கம் ஒன்று. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டார். இது சிரிக்கிற காரியமில்லை. அவருக்குப் பின்னால், பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த இந்தப் பெயிண்ட் பட்டறையின் தகரக் கொட்டகை நடுவில், மூன்று வருஷமாக அவர் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி மாட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், சாம்பல் நிறப் பிரைமரோடு, சக்கரமில்லாமல், நான்கு கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன நிறம் என்று இன்று சொல்லியாக வேண்டும். எந்தக் கண்ணைக் கேட்டுச் சொல்வது?

"ணா, மணி பத்தே முக்கால்" என்றார் ஜக்கரியா. பெயிண்டர் ஜக்கரியாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், தாடியில் எப்போதும் ஏதாவது ஒரு வண்டியின் நிறம் இருக்கும், இன்றைக்கு ஆட்டோ மஞ்சள். "ஒரு மணிக்குள்ள சொன்னீங்கன்னா சாயந்திரத்துக்குள்ள அடிச்சு மூடிருவேன். நாளைக்கு ரெண்டு காலேஜ் பஸ்சு வருது. ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிக்கோணும்னு மேனேஜரு தலைகீழா நிக்கறான். அதுக்கப்பறம் மழை புடிச்சுக்கும். ஈரக்காத்துல அடிச்சா பெயிண்டு பூசணம் பூத்தாப்பல வெளிறிப் போயிருங்ணா. தீபாவளி தாண்டித்தான்." தீபாவளி தாண்டட்டுமே என்றுதான் கலாமணியும் காலையில் சொன்னாள், வியாழக்கிழமை கண்ணை முடிச்சுட்டு வாங்க, ரெண்டு கண்ணும் ஒண்ணாயிட்டா குழப்பமில்லாமப் பாக்கலாம். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஐம்பத்தாறு வயது ஆகியிருந்தது. "வீலாச்சும் சொல்லுங்க, அதைக் கழுவி வெக்கறேன்" என்றார் ஜக்கரியா. "வீலு கலரோட சேந்தது, பாய்." "ஆமாங்ணா, பொண்ணு மாப்பிள்ளை மாதிரி. ரெண்டும் மணவறைல உக்காந்து கொட்டாவி விடுதுங்க, நீங்க தாலிய வெச்சுட்டு யோசனை பண்றீங்க." எதிர்ச் சுவரோரம் சக்கரங்கள் இரண்டு செட்டாக நின்றன. ஒன்று காரோடு வந்த இரும்பு டிஸ்க், துருவைச் சுரண்டிப் பிரைமர் பூசியது, மேலே மாட்டப் பளபளக்கும் கிண்ணம் மாதிரி நான்கு வீல் கப். இன்னொன்று சென்னை புதுப்பேட்டையில் வாரக்கணக்காக அலைந்து பிடித்த ஸ்போக் வீல், சைக்கிள் சக்கரம் போலக் கம்பி கம்பியாக, பார்த்தவுடன் வாயைப் பிளக்க வைப்பது. ஓசூரிலிருந்து மகன் நவநீதன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான், இதே காருக்குப் பளபளப்பே இல்லாத கரும் பூச்சு, தடித்த அலாய் வீல், கீழே ஒரே ஒரு சொல், 'செம'. அவனுக்காகப் பதினோராவது தகட்டை அந்தச் செத்த கறுப்பில் அடிக்கச் சொல்லியிருந்தார். எருமைத் தோல் மாதிரி இருந்தது. எருமையைக் குறை சொல்லவில்லை.

வலது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று முதலில் தெரிந்தது ஒரு சுவர். ஆஸ்பத்திரிச் சுவர், அதற்கு முந்தின நாள் வரைக்கும் அது சந்தன நிறம், அவரே மனத்துக்குள் அதற்கு ஒரு ஷேடு நம்பர் கொடுத்திருந்தார், இப்போது பார்த்தால் வெள்ளை, சும்மா வெள்ளை, பளிச்சென்று கண்ணைக் குத்துகிற வெள்ளை. இதென்ன ராத்திரியோடு ராத்திரியாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்களா என்று நர்ஸைக் கேட்கப் போனவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கலாமணி வந்தாள், மூன்று வருஷத்துக்கு முந்திய கல்யாண நாளுக்கு எடுத்த சேலையில். அந்தச் சேலையின் கதை தனிக் கதை. கடையிலேயே சண்டை, அவள் நீலம் என்றாள், அவர் பச்சை என்றார், கடைக்காரன் இரண்டு பேருக்கும் நடுவில் மயில் கழுத்துங்க என்று சமாதானம் பேசினான். முப்பது வருஷம் கலர் பார்க்கிறவனிடமா, போடி, என்று சொல்லித்தான் வாங்கிக் கொடுத்தார், ஒவ்வொரு விசேஷத்துக்கும் அதை உடுத்தும்போது, வந்துட்டா பச்சைக்கிளி, என்று சொல்லிச் சொல்லி அவளும் விட்டுவிட்டாள். அன்று ஆஸ்பத்திரியில் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நீலம் வந்தது. கூசாத, சந்தேகமில்லாத நீலம், ஓரத்தில் மட்டும் ஒரு நிழல் பச்சை. அவர் இடது கண்ணால் பார்த்தார், பச்சைக்கிளி. வலது கண்ணால் பார்த்தார், நீலம். "ஏனுங்க, என்னை ஏன் இப்புடிக் கண்ணடிக்கறீங்க, நர்ஸம்மா பாக்கறாங்க" என்றாள். "கலா, இது நீலம்" என்றார். அவள் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "மறுக்காச் சொல்லுங்க." "நீலம்." "இன்னுங் கொஞ்சம் சத்தமா. அந்தக் கட்டில்ல படுத்திருக்கற பெரியவருக்குக் கேக்கலையாமா." எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் இடது கண்ணை மூடிப் பார்த்தார். சேலை சரி. சேலையோடு போயிற்றா?

போகவில்லை, அதுதான் ஆறு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்தது, இப்போது இந்தத் தகடுகளுக்கு முன்னால் நிற்கும்போதும் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் முப்பது வருஷம் அவர் ஷேடு பார்த்தார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு துண்டுத் துணி அனுப்புவான், கட்டை விரல் அகலம். அதே நிறத்தில் டன் கணக்கில் துணி சாயமேற வேண்டும். ஏறியதா இல்லையா என்று சொல்வது சென்னியப்பன். நிறத்தை அளக்க மெஷின் இருந்தது, எண் எண்ணாகக் கொட்டும், ஆனாலும் கடைசியில் முதலாளி சொல்வது ஒன்றுதான், சென்னியண்ணன் பாத்தாச்சா? அதற்கு ஒரு முறை உண்டு. கலர் சட்டை போட்டுக்கொண்டு ஷேடு பார்க்கக் கூடாது, சட்டையின் நிறம் துணியில் ஏறும், அதனால் முப்பது வருஷம் வெள்ளையும் சாம்பலும். ஐந்து எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானமாகிவிடும், சமாதானமான கண்ணுக்குப் பேதம் தெரியாது. சந்தேகம் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வடக்கே போக வேண்டும், சுவர் நிழலில், வெயில் நேராகப் படாத வானத்து வெளிச்சத்தில், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. வடக்கு வெளிச்சம் யாருக்கும் பரிந்து பேசாது. துண்டையும் துணியையும் ஒட்டி வைத்து ஒரு பார்வை. பாஸ். பெயில். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரும், அதற்காக ஏழு ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆயிரக்கணக்கான நிறங்களைப் பார்த்தவர்தான், ஆனால் ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கிற வேலை இல்லையே அது. வேலையை விட்ட மாதம் பழைய வாஷிங் மெஷின் ஒன்று வாங்கத் தாராபுரம் போனார், ஒரு அரிசி மில்லின் பின்கட்டில் இந்தக் கார் கோணிச் சாக்கு மூடிக் கிடந்தது, முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி ஒரே தூக்காகத் திறந்தது, அவ்வளவுதான், மெஷினை மறந்துவிட்டு இதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். துணி துவைக்கற மிஷினு வாங்கப் போன மனுசன் என்று கலாமணி இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுவாள். முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதிய இடத்தைக் கரையான் தின்றிருந்தது. சுரண்டச் சுரண்ட மெரூன், அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே வெறும் இரும்பு.

இதில் தங்கமுத்து எங்கே வருகிறான்? வருவான், எதை நினைத்தாலும் அங்கேதான் போய் முட்டும், மாடு கட்டுத்தறியைச் சுற்றுகிற மாதிரி. தங்கமுத்து சாயம் கலக்குகிற டையிங் மாஸ்டர், அவரைவிடப் பத்து வயது சின்னவன், அவர் கைபிடித்துத் தொழிலுக்குள் வந்தவன். கலாமணிக்குச் சேலை எடுத்த அதே வருஷம் ஒரு வெள்ளைத் துணி லாட் வந்தது. வெள்ளையைப் போலக் கஷ்டமான நிறம் கிடையாது, ஊரார் நினைப்பது மாதிரி அது நிறமில்லாததல்ல, ஆயிரம் வெள்ளை இருக்கிறது. துண்டையும் துணியையும் வைத்து ஒரு பார்வை, பாஸ் என்றார். தங்கமுத்து நகரவில்லை. "அண்ணா, ஒரு நூலு நீலம் தூக்குதுங்க." அவர் மறுபடி பார்த்தார், நீலமா, எங்கே நீலம், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை மாதிரி இருக்கிறது. "போய்க் கண்ணைக் கழுவிட்டு வாடா" என்றார், பட்டறையே கேட்கும்படி, ஹெல்ப்பர் பெண்கள்கூடச் சிரித்தார்கள். லாட் கப்பலேறியது, கப்பலேறிப் போனது அப்படியே திரும்பி வந்தது, நீலம் அதிகம் என்று. விசாரணையில் அவர் ஷேடு பார்க்கிற லைட் பாக்ஸின் பல்பு பழசு என்றார், சாயத்திலும் கடைசி நேரத்தில் ஏதோ ஏறியிருக்கும் என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான், அந்த ஏதோ ஏறியிருக்கும்தான், தங்கமுத்துவின் வேலையைப் பறித்துப் பெருந்துறையில் வேறொரு பட்டறைக்கு அனுப்பியது. நாலு மாதம் கழித்து அவரையும் சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். சேலையை மூன்று வருஷம் பச்சை என்ற கண்தானே அது? நீலத்தை முழுங்கிக்கொண்டிருந்த கண். அந்தக் கண் அதற்கு முந்தின வருஷம் எப்படி இருந்தது? அதற்கு முந்தின வருஷம்? எத்தனை பேரைப் பெயில் என்றார், எத்தனை பெயிலைப் பாஸ் என்றார், இப்போது போய் எந்த வடக்குச் சுவரில் வைத்துப் பார்ப்பது?

"ணா, இங்கயே நின்னா வேர் விட்ரும்" என்று ஜக்கரியா சொன்னபோது மணி பதினொன்றரை. சென்னியப்பன் தகடுகளை இரண்டிரண்டாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு வடக்கே எடுத்துப் போனார். பக்கத்துத் தறிக்கூடத்தின் சுவர் நிழல் அங்கே விழுந்திருந்தது, தறிச் சத்தம் சுவரைத் தாண்டி டடக் டடக் என்று காலடியில் அதிர்ந்தது. ஒவ்வொன்றாக வைத்தார், ஐந்து எண்ணினார். ஒன்று, பெயில். இரண்டு, பெயில், மஞ்சள் தூக்குகிறது. மூன்று, உயிரில்லை, பெயில். நாலு நீலம் கம்மி, ஐந்து பச்சை கூட, ஆறு கறுப்பு விழுகிறது, ஏழு இடது கண்ணுக்கு வேறு வலது கண்ணுக்கு வேறு. கூடவே வந்த ஜக்கரியா ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக இதே தகடுகள், இதே பெயில், ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு இது ஒரு சொட்டு அது என்று மறுபடி அடித்துக் கொடுத்த மனிதர். பொறுமைக்கு ஒரு பட்டயம் கொடுப்பதானால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்க மாட்டீங்களே?" "கேளுங்க பாய்." "அஞ்சுல பச்சை கூடன்னு சொன்னீங்க. எதைவிடக் கூட?" சென்னியப்பன் ஐந்தாம் தகட்டைக் கையிலெடுத்தார். ஜக்கரியா விடவில்லை. "இல்லீங்ணா, நான் பஸ்சுக்கு அடிக்கறேன், பழைய பஸ்சு நிக்குது, அதைப் பாத்து அடிக்கறேன். இடிச்ச காரு வருது, இடிக்காத கதவப் பாத்து அடிக்கறேன். நீங்க பெயிலுங்கறீங்களே, எதோட வெச்சுப் பாத்துப் பெயிலு? அந்த ஒரிஜினலை ஒருக்கா எங்கண்ணுல காட்டுங்க. அதே மாதிரி நிமிசத்துல கலக்கித் தந்தர்றேன்."

ஒரிஜினல். சட்டைப் பைக்குக் கை போனது, முப்பது வருஷம் துணித் துண்டை வைத்திருந்த பை, அதில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து இருந்தது. எதோடு வைத்துப் பார்த்தோம்? தறி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது, காது நுனிவரை, பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ புரண்டு வந்தது, சிரிப்பா என்று பார்த்தால் சிரிப்புத்தான். இரண்டு வாரமாக, இல்லாத துண்டோடு ஒட்டி வைத்து, கரையான் தின்ற நிறத்தோடு ஒட்டி வைத்து, எந்தப் பையரும் அனுப்பாத ஒரு நிறத்துக்குச் சரியில்லை சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். ஜக்கரியா கொஞ்சம் பயந்துபோய், "தண்ணி குடிக்கறீங்களா" என்றார். "ஒரிஜினல் இல்ல, பாய்." "இல்லையா?" "இருந்ததே இல்ல." ஜக்கரியா தாடியைச் சொறிந்தார், பிறகு, "அப்ப நீங்கதான் ஒரிஜினலு. சீக்கிரம் வாயத் தொறங்க" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். சென்னியப்பன் தனியாக நின்றார். அப்போது எட்டாம் தகடு கூப்பிட்டது, நான் இருக்கிறேனே என்று. இரண்டு கண்ணும் ஒத்துக்கொண்ட ஒரே நிறம், வியாழக்கிழமைக்கு முன்னும் அதே, பின்னும் அதே, தப்பே வராது, எவனும் வந்து நீலம் தூக்குது என்று சொல்ல முடியாது. செங்கல் சிவப்பும் ஸ்போக் வீலும், ஊரே பார்க்கும். சரி, சிவப்பு. சிவப்பு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வந்து அங்கேயே நின்றுகொண்டது, ஏனென்றால் சிவப்பைப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் அசையவில்லை. பிழைத்தோம் என்ற நிம்மதிதான் வந்தது, விசாரணை அறையில் பல்பு பழசு என்று சொன்னபோது வந்த அதே நிம்மதி, அதே ருசி, நாக்கின் அடியில் பழைய பித்தளை மாதிரி. ஐயோ, இது அதுவல்லவா. இரண்டு சாட்சியும் ஒத்துப் போகிற இடத்தில் போய் ஒளிந்துகொள்வது. அவர் போனை எடுத்தார். ஆறு வாரமாக எடுத்து எடுத்து வைத்த நம்பர்.

"அண்ணா! என்னங்ணா அதிசயம், காரு ஓடுதா, தள்ளறீங்களா?" என்றான் தங்கமுத்து, பின்னால் மெஷின் இரைந்தது. "தங்கமுத்து, அந்த வெள்ளை லாட்டு" என்றார் சென்னியப்பன், நலம் விசாரிக்கவில்லை, விசாரித்தால் தைரியம் கரைந்துவிடும், "அதுல நீலம் இருந்துதுடா." இரைச்சல் குறைந்தது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருப்பான். "இருந்துதுங்ணா" என்றான் மெதுவாக. "எங்கண்ணுல புரை. அப்பவே இருந்திருக்குது. நான் பாக்கல. சாயத்துல ஏறிருக்கும்னு உம்மேல போட்டது பொய். எனக்குத் தெரியாமச் சொன்ன பொய்யின்னுகூடச் சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன்." அவன் சொன்னான், "அன்னிக்குக் கண்ணைக் கழுவிட்டு வரச் சொன்னீங்க பாருங்க, நான் நெசமாலுமே போய்க் கழுவுனேனுங்க. சோப்புப் போட்டு. எரிஞ்சுது. வந்து பாத்தா அப்பவும் நீலந்தான். அண்ணன் கண்ணுக்கு முன்னால என் கண்ணு எம்மாத்தரம், எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன். இங்க வந்து ரெண்டு வருசம் ஒவ்வொரு ஷேடையும் நாலு பேத்துகிட்டக் காட்டிட்டுத்தான் பாஸ் பண்ணுவேன்." சென்னியப்பன் சுவரில் கை வைத்துக்கொண்டார், தறியின் அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறியது. ஒருவன் துணியை மட்டுமா அவர் பெயில் என்றார், அவன் கண்ணையே அல்லவா. "தப்புப் பண்ணிட்டேன், தங்கமுத்து." "உடுங்ணா." "உட முடியாது. அதுக்குத்தான் கூப்புட்டேன். உங்க முதலாளிகிட்டயும் சொல்றேன், நம்ம பழைய முதலாளிகிட்டயும் சொல்றேன்." "சொல்லுங்க, வேண்டாங்கல" என்றான் தங்கமுத்து, குரலில் ஏதோ தளர்ந்து பின் நிமிர்ந்தது, "என்ர பொண்டாட்டிக்கும் ஒரு போனு போட்டுச் சொல்லுங்க, மொதல்ல அவளுக்கு." இருவரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். "இப்பத் தனியாத்தான் பாஸ் பண்றயா?" "ஆமாங்ணா. ரெண்டு வருசம் பாத்தேன், அந்த நாலு பேத்துக்கும் என்னையவிடப் பயம். தப்பாப் போனா மறுக்கா சாயம் போடறது, என்ன இப்ப. காருக்கு என்ன ஷேடுங்க?" "இன்னும் பையர் சொல்லல." "பையரு யாரு?" "நான்தான்." தங்கமுத்து ஊஹூம் என்று இழுத்தான். "அந்தாளு சிக்கலு புடிச்சவருங்ணா. பாத்து."

போனை வைத்தபோது பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்ல முடியாது, பாரம் அங்கேயே இருந்தது, ஆனால் அதற்குக் கைப்பிடி முளைத்திருந்தது, இனித் தூக்கிக்கொண்டு நடக்கலாம். டீ வந்தது, குடித்தார், டீயும் வலதில் ஒன்று இடதில் ஒன்று. பதினோரு தகடுகளையும் மறுபடி பார்த்தார், இந்தத் தடவை எண்ணவில்லை. ஐந்து எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும் என்பது ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்கு வைத்த சட்டம். தனக்குப் பிடித்ததைப் பார்க்கிறவனுக்கு ஏது எண்ணிக்கை? சும்மா பார்த்தார், தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதுபோல. ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் நல்ல மனிதர்கள், வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்தாவது நின்றது. வலது கண்ணில் வானம், இடது கண்ணில் அந்தச் சோர்ந்த பச்சை. இரண்டையும் திறந்தபோது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, நீலத்துக்குள் பச்சை வந்து வந்து போயிற்று, நிலைகொள்ளாமல், உயிருள்ள தோல் மாதிரி. இதுவரைக்கும் அதைத்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தப் பச்சை போய்விடும், நீலம் மட்டும் மிஞ்சும், போகட்டும். இந்தப் பூமியில் இந்தத் தகட்டை இப்படி இரண்டாகவும் ஒன்றாகவும் பார்க்க முடிந்த ஒரே ஆள் இன்றைக்கு அவர்தான், வேறு எவனுக்கும் இது கிடைக்காது, எந்த மெஷினுக்கும் இதன் எண் தெரியாது. நெஞ்சு திடுக்கென்று துள்ளியது, இருபத்தைந்து வயதில் கலாமணியைப் பெண் பார்க்கப் போன வீட்டில் துள்ளியதற்கப்புறம் அது அப்படித் துள்ளியதில்லை. எந்த நீலம் அவரைப் பட்டறையில் தலைகுனிய வைத்ததோ அந்த நீலத்தின் பங்காளிதான் இது, பார்க்கத் தவறியது, முழுங்கியது, மறுத்தது. அதன்மேல் ஏறிக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஜன்னலை இறக்கிவிட்டுப் போகலாம். போகலாம் என்ன, போவார்.

தகட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். "அஞ்சு" என்றார். ஜக்கரியா நம்பவில்லை. "பச்சை கூடன்னீங்களே?" "கூடத்தான். அது வேணும்." "மெட்டாலிக் பொடி போடட்டுங்களா, மினுமினுங்கும்." "வேண்டாம் பாய். சாதாப் பூச்சு. மேல கிளியர் கோட்டு, தண்ணி மாதிரி." "வீலு? ஸ்போக்குதானுங்களே, அதுதான் இந்த நெறத்துக்கு ராஜா." சென்னியப்பன் சுவரோரம் போனார், ஸ்போக் வீலைப் பார்த்தார், வாரக்கணக்காகத் தேடியதுதான், அழகுதான், யார் பார்த்தாலும் அழகு என்றுதான் சொல்வார்கள், யார் பார்த்தாலும் என்பதில்தான் ஏதோ இடித்தது. குனிந்து பக்கத்திலிருந்த இரும்பு டிஸ்க்கை நிமிர்த்தி, ஒரு தள்ளு தள்ளினார். அது கடகடவென்று சிமெண்டுத் தரையில் உருண்டு ஜக்கரியாவின் காலடியில் போய்ச் சுழன்று விழுந்தது. "இது. இதுக்கும் அதே அஞ்சு." "டிஸ்க்குக்குமா? கிரீம் அடிச்சாத்தான் எடுப்பா இருக்கும். எல்லாரும் கிரீம்தான் அடிப்பாங்க." "அதே அஞ்சு. மேல வீல் கப் மட்டும் பளபளன்னு இருக்கட்டும்." ஜக்கரியா அவரை ஒரு மாதிரி பார்த்தார், வேலை செய்கிறவன் வேலை கொடுக்கிறவனை முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை. தகட்டைத் திருப்பி ஒரு ஆணியை நீட்டினார், அது அவர் பட்டறை வழக்கம், வண்டிக்காரர் பின்பக்கம் கீறிக் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு நான் சொல்லவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. "இதைப் பத்தரமா வெச்சுக்குவேன். நாளைக்கு எவனாவது லாரிக்காரன் தேச்சுட்டா இதப் பாத்துத்தான் கலக்கோணும். தப்பாப் போச்சுன்னா நான் பொறுப்பில்லைங்ணா, இப்பவே சொல்லிட்டேன்." "தப்பாப் போச்சுன்னா என் தப்பு" என்றார் சென்னியப்பன், சொல்லிவிட்டு அந்தச் சொல் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வியந்து, இன்னொரு தரமும் சொன்னார், "முழுக்க என் தப்பு, பாய்." ஆணி கிறீச்சென்று தகரத்தில் இறங்கியது, பெயரை முழுதாகவே எழுதினார், இனிஷியலோடு.

பன்னிரண்டரைக்குக் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. "கண்ணு ஆப்பரேசன் பண்ணவரு உள்ள நிக்கப்படாது" என்று ஜக்கரியா முகமூடிக்குள்ளிருந்து கத்தினார். சென்னியப்பன் வெளியே வந்து ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். முதல் வீச்சு காரின் நீண்ட முன்பக்கத்தில், விளக்கிலிருந்து விளக்குவரை, ஒரு பட்டையாக விழுந்தது. ஈரத்தில் நிறம் தகட்டைவிடக் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது, அது அவருக்குத் தெரியும், காயக் காயத் தெளியும், தெளியாவிட்டாலும்தான் என்ன. இரண்டாவது வீச்சு. சாம்பல் ஓடிப் போய்க்கொண்டிருந்தது. ஜக்கரியா ஸ்ப்ரே கன்னை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி, என்ன, என்று தலையை ஆட்டினார், பாஸா பெயிலா என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்த்து. சென்னியப்பனின் வாயிலும் அது பழக்கத்தில் உருண்டு வந்துவிட்டது, பாஸ். அதை அப்படியே முழுங்கினார். கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, கம்ப்ரசரும் தறியும் கேட்கட்டும் என்று, தொண்டை கட்டுகிற மாதிரி கத்தினார்: "நல்லா இருக்குது!"